தொட்டி சுடுகிறது

டாக்குரியா,
செப்டம்பர் 18

ஜெய்ராம் அண்ணாவுக்கு,

மது எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் அழித்துவிடாதே. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், அது உன் இஷ்டம். மெயிலையும் தடுத்திருக்கிறாயா என்று தெரியாது. தெரியாமலே எழுதுகிறேன்.

நலம் விசாரிக்க அல்ல. உன் தொட்டி சுடுகிறது.

உன் தொட்டி என்று குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக நான்தான் பொறுப்பு என்றாலும் மில்லில் எல்லோருக்கும் அது இன்னும் ‘ஜெய்ராம்தா டாங்க்’தான், ஜெய்ராம் அண்ணாவின் தொட்டி. விளக்குகள் நன்றாக எரிகின்றன. மில்லின் காகிதக் கூழிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் வருகிற கழிவுநீர், பெராக்ஸைடு கலந்து உன் புற ஊதா விளக்குகளுக்கு நடுவே புகுந்து வெளியே வரும்போது கால்வாயில் தரை தெரிகிறது. பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை, அந்தப் பெராக்ஸைடை நிரப்பி வைத்திருக்கிற துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில்.

நேற்று விஸ்வகர்மா பூஜை. எல்லா யந்திரங்களையும் நிறுத்தியிருந்தோம். இன்று காலையில் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தால் வெளிக்காற்றை விட மூன்று டிகிரி கூட. ஜி.எம். ராகவேந்திரன் “வெயில்மா, வெயில்” என்கிறார். எந்த வெயில்? விடிந்ததிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது. சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தேன், இன்னும் ஒன்று ஏறியிருந்தது.

பூஜை எப்போதும் போலத்தான் நடந்தது. கொஞ்சம் கங்கை ஜலம் தெளித்தார்கள். வேறு எதுவும் உள்ளே விழவில்லை.

இது தானே அடங்குமா, நான் ஏதாவது செய்ய வேண்டுமா? இந்தத் தொட்டியை உன்னைப் போல அறிந்தவர் இங்கே யாரும் இல்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

அம்மா சௌக்கியம். கொலுப்படி கட்டத் தொடங்கிவிட்டாள்.

மது


திருப்பூர்,
செப்டம்பர் 22

மது,

உன் கடிதத்தை வந்த அன்றே பார்த்தேன். திறக்கவில்லை. இத்தனை நாள் கழித்து என்ன குசலம் வேண்டிக்கிடக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். இன்று காலை சாயப்பட்டறை வேலைக்குக் கிளம்பும்போது ஏதோ தோன்றித் திறந்தேன். படித்ததிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போன வருஷம் இதே பூஜையன்று, தொட்டி மூடியைத் திறக்காதீர்கள் என்று புரோகிதர் கையைப் பிடித்துத் தடுத்தேன். சாமியை அவமதித்துவிட்டேனாம், அரை நாள் மில் நின்றது. என்னைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். “கொஞ்சம் தன்மையாச் சொல்லியிருக்கலாமே அண்ணா” என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, லேபிலிருந்து எழுந்து வந்து அதே வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்தாய். இந்த வருஷம் தன்மையாகச் சொன்னாயா? கேட்டார்களா?

‘வேறு எதுவும் உள்ளே விழவில்லை.’ விழுந்ததா என்று உன்னை யார் கேட்டார்கள்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். மூடியைத் திறந்திருக்கிறீர்கள். உள்ளே என்ன போயிற்று? உண்மையைச் சொல்.

இப்போது நான் சொல்கிறபடி செய். நிலைப்படுத்துகிற அமிலம் என் பழைய அலமாரியில் இருக்கும், அதைச் சேர். பெராக்ஸைடு போகும் குழாயில் இரண்டு பக்க வால்வையும் ஒன்றாக மூடாதே, நடுவில் மாட்டிக்கொண்ட திரவம் குழாயையே பிளந்துவிடும். சோதனைக்கு எடுத்ததில் ஒரு சொட்டைக்கூடத் திரும்ப உள்ளே ஊற்றாதே. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கரண்டியை விட்டால் அம்மா என்ன ஆட்டம் ஆடுவாள்? ஊறுகாய்க்குப் பூஞ்சைதான் பிடிக்கும். இது அப்படி இல்லை.

இன்றைக்கு எத்தனை டிகிரி? உடனே எழுது.

ஜெய்ராம்


லோக்கல் ரயிலில்,
செப்டம்பர் 23

அண்ணா,

டாக்குரியாவில் ஏறி சியால்தாவில் மாறுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். நீ நேற்று எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று பார்த்தேன். ரசாயன முற்றத்துக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டிலோ கொலுவுக்கு வருகிற மாமிகள், நடுவில் அம்மா. உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன். அழுதால் அம்மா என்னை வாசல்படி தாண்ட விடமாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

விழுந்தது அண்ணா. பொய் சொல்லிவிட்டேன்.

கூழ் அரைக்கிற யந்திரத்திலிருந்து பாய்லர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, எதற்கு வாய் இருக்கிறதோ அந்த வாயில் கங்கை ஜலம் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். நம் தொட்டிக்கு முன்னால் வந்ததும் தொழிற்சங்கத் தலைவர் கை கூப்பிக்கொண்டு, “எல்லா மெஷினுக்கும் வாயில ஜல் கிடைச்சாச்சு. இது மட்டும் என்ன பாபம் பண்ணிச்சு திதி?” என்று என்னை அக்கா முறை சொல்லிக் கேட்டார். இருநூறு பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். போன வருஷம் உன்னைப் பார்த்த அதே பார்வை. எனக்கு அது தாங்கவில்லை. இவளாவது நல்லவள் என்று சொல்லட்டுமே என்றிருந்தது. “சரி தாதா, ஒரே ஒரு சொட்டு” என்றேன்.

மூடியைத் திறந்தார்கள். புரோகிதர் ஏணியில் ஏறி நின்று மந்திரம் சொல்லி ஊற்றினார். கை வழுக்கி அந்தச் செம்புக் கரண்டி, நம் உத்தரணி மாதிரி இருக்குமே அது, டுபுக்கென்று உள்ளே விழுந்துவிட்டது. பிறகு அவரே “யந்திரமே கேட்டு வாங்கிண்டுது!” என்றார். எல்லோரும் ஜெய கோஷம் போட்டார்கள். நானும் சிரித்தேன் அண்ணா. செம்பும் பெராக்ஸைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று படித்தவள், கையில் பிரசாதத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் தினேஷ்குமார், உன் காலத்து ஷிப்டு ஆபரேட்டர்தான், கயிற்றில் காந்தம் கட்டி இறக்கித் துழாவினான். நானும் பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செம்பு எங்கே காந்தத்தில் ஒட்டும்? இருவருக்கும் அது உறைக்கவே வெகுநேரம் ஆயிற்று. பயம் வந்தால் மூளை எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை.

அமிலம் சேர்த்தேன். அரை நாள் இறங்கியது, மறுபடி ஏறுகிறது. நேற்றுக் கிளம்பும்போது வெளிக்காற்றை விடப் பதினொன்று கூட. காதை வைத்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி உஸ்ஸென்று கேட்கிறது. வடித்துவிடலாம் என்று ஜி.எம்.மிடம் கெஞ்சினேன். மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வு இந்த வாரம்தானாம். பெராக்ஸைடு இல்லாமல் வெறும் விளக்கு ஒன்றும் செய்யாது, டிகாக்‌ஷன் தண்ணீர் போனால் மில்லுக்குப் பூட்டு என்கிறார். “துர்கா பூஜைக்கு மில்லை மூடினதும் சாவகாசமாப் பார்த்துக்கலாம்மா.”

சாவகாசமாக! சியால்தா வந்துவிட்டது. எனக்கு அந்த முற்றத்துக்குள் கால் வைக்கவே பயமாக இருக்கிறது.

மது


திருப்பூர்,
செப்டம்பர் 23

அசடே,

காந்தமா? செம்பு போதாதென்று இரும்பையும் உள்ளே விட்டுத் துழாவினீர்களா? அட தெய்வமே. திட்டுவதற்குக்கூட எனக்கு இப்போது தெம்பில்லை.

நிதானமாகப் படி. உள்ளே பெராக்ஸைடு உடைந்துகொண்டிருக்கிறது. உடைய உடைய சூடு, சூடு ஏற ஏற இன்னும் வேகமாக உடையும். இத்தனை நாள் மெல்ல ஏறியதைப் பார்த்துப் பழகிவிட்டாய். நாளைக்கும் இப்படியே மெல்ல ஏறும் என்று நம்பாதே. ஒரு கட்டத்தில் தலைதெறிக்க ஓடும். ஆவியும் வாயுவும் போக அந்த மேல் துவாரம் போதாது. பெரிதாக வேண்டும் என்று கேட்டேன், கொடுக்கவில்லை. தொட்டி கிழியும். சுவருக்கு இந்தப் பக்கம் நீ இருக்கிறாய். அந்தப் பக்கம் தொழிலாளிகளின் லைன் வீடுகள், குழந்தை குட்டிகளோடு.

முதலில் லைனைக் காலி செய்யச் சொல். பிறகு தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு. தூரத்தில் நின்று அவர்கள் தண்ணீரைப் பீய்ச்சி உள்ளே இருப்பதை நீர்க்கச் செய்யட்டும். நிறையத் தண்ணீர், அது ஒன்றுதான் மருந்து. தொட்டிக்கென்றே ஒரு பெரிய தண்ணீர் வால்வு இருக்கிறது. ஆனால் அது தொட்டியின் காலடியிலேயே இருக்கிறது. சுவருக்கு வெளியே நீட்டித் தாருங்கள் என்று நான் எத்தனை தடவை கேட்டேன்! ஆகவே அதன் பக்கம் போகாதே. மேலே சொன்னதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதே. போகாதே.

ஆய்வு நாசமாகப் போகட்டும். மில்லைப் பூட்டட்டும். விளக்கு, குழாய், தொட்டி எல்லாமே போகட்டும். இரண்டு வருஷம் ராப்பகல் பார்க்காமல் நான் கட்டியது. போனால் மயிரே போயிற்று. நீ பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.

உன் நம்பரைத் தடுத்ததை எடுத்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே வந்ததும் கூப்பிடு. எனக்குப் பயமாக இருக்கிறது மது. அப்பா போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

ஜெய்ராம்


மில், லேப் கணினியிலிருந்து,
செப்டம்பர் 24

அண்ணா,

சீக்கிரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

தீயணைப்பு வண்டி வந்தது. நான்தான் கூப்பிட்டேன். கேட்டிலேயே ஜி.எம். ஆட்கள் “ஒண்ணுமில்லை, பயிற்சிதான்” என்று பேசித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வண்டி தெரு முனையைத் தாண்டிவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். வருகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அபாயச் சங்கை ஊதச் சொன்னேன், ஊதமாட்டோம் என்கிறார்கள்.

முள் சிவப்புக்குள் போய்விட்டது. நீ சொன்ன மாதிரியேதான், காலையிலிருந்து ஓடுகிறது. மேல் துவாரத்தில் வெள்ளையாக ஆவி சீறுகிறது. இங்கே லேபில் கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடு ஒன்று மோதி ஆடுகின்றன.

தினேஷ்குமாரை லைனுக்கு அனுப்பிவிட்டேன். நானும் போகிறேன். ஆபரேட்டர் சொன்னால் கேட்கமாட்டார்கள், நல்ல திதி சொன்னால் கேட்பார்கள். அந்த நல்ல பெயராவது இதற்கு உதவட்டும். எல்லோரையும் ஆற்றங்கரைப் பக்கம் விரட்டிவிட்டுத் திரும்பி வந்து அந்த வால்வைத் திறக்கப் போகிறேன்.

கத்தாதே. போகாதே என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூடியைத் திறக்கலாம் என்று சொன்னது என் வாய். வேறொருவனை எப்படி அனுப்புவேன்? வண்டி வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தால் தொட்டி காத்திருக்காது. நேற்று முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போதும் பயம் விடவில்லை. பயத்தோடேயே போகிறேன்.

அம்மா சுண்டலுக்குக் கடலை ஊறப் போட்டிருக்கிறாள். “அஞ்சு மணிக்குள்ள வந்துடு, மாமிகள்லாம் வருவா” என்றாள்.

மது


திருப்பூர்,
செப்டம்பர் 24

மது,

போகாதே. இதைப் படித்தால் போகாதே.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை. மில் நம்பர், லேப் நம்பர், கேட் நம்பர், எதையும் யாரும் எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். “என்னடா அதிசயமா இருக்கு, நீயா கூப்பிடறே?” என்று சிரித்தாள். சுண்டல் ஆயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரு வரி போடு. ஒரு வார்த்தை. ‘இருக்கேன்’ என்று மட்டும் போடு.

ஜெய்ராம்


கோயம்புத்தூர் விமான நிலையம்,
செப்டம்பர் 25

என் மதுவுக்கு,

இதை நீ படிக்க முடியாது. அம்மா ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். அதனால் எழுத நினைத்ததில் பாதியை எழுதக் கூடாது என்று நினைத்தேன். பிறகு, கேட்கட்டுமே என்று தோன்றிவிட்டது. அம்மா, எந்த இடத்திலும் நிறுத்தாதே. அழுதாலும் அழுதுகொண்டே படி.

தினேஷ்குமார் எல்லாம் சொன்னான். நீ எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே லைனில் ஒவ்வொரு வீடாக ஓடினாயாம். ஒரு கிழவர் அடுப்பில் இருக்கிற மீன் குழம்பை விட்டு வரமாட்டேன் என்றாராம். “குழம்போட சேர்த்துத் தூக்குங்கோ அவரை!” என்று நீ கத்தினாயாம். அந்தக் களேபரத்திலும் நாலு பேர் சிரித்தார்களாம். எல்லோரையும் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நீ திரும்பியபோது அவன் உன் கையைப் பிடித்து நிறுத்தினானாம். உதறிவிட்டுப் போனாயாம்.

வால்வுச் சக்கரம் இறுகிப்போயிருந்ததாம். முகத்தில் மாட்டியிருந்த காப்புக் கண்ணாடி ஆவியில் மங்கி, எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியாமல், நீ அதை மேலே தூக்கிவிட்டாய். திருப்பினாய். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அதற்குள் மூடி பிய்த்துக்கொண்டு போய், உள்ளே இருந்தது உன் முகத்தில் அடித்தது. தினேஷ்குமார் ஓடி வந்து உன்னை முற்றத்து அவசரக் குளியல் குழாயின் கீழ் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை விடவில்லையாம். நீ அலறிக்கொண்டே “தொட்டி? தொட்டி?” என்று கேட்டாயாம்.

தொட்டி கிழியவில்லை மது. நிரம்பி, வழிந்து, ஆறிவிட்டது. லைனில் இருந்த அத்தனை பேரும் சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்தவர்கள் கால்வாயில் டிகாக்‌ஷன் தண்ணீரைப் பார்த்தார்களாம், மில்லை மூடிவிட்டார்கள். ஜி.எம். என்னையே கூப்பிட்டு “நீங்க வந்து மறுபடி பொறுப்பை எடுத்துக்கணும்” என்றார். நான் சொன்ன பதிலை அம்மா வாயால் படிக்க வைக்க முடியாது.

உன்னை வீரலட்சுமி என்கிறான் தினேஷ்குமார். லைனில் உனக்காகப் பூஜை போட்டிருக்கிறார்களாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. உன் கடிதத்தைத் திறக்காமல் போட்டு வைத்திருந்த அந்த நாலு நாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே திறந்திருந்தால் தொட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்திருக்கலாம். நீ ஒரு சொட்டு ஜலத்துக்குச் சரி என்றாய். நான் ஒரு கடிதத்தைத் திறக்கமாட்டேன் என்றேன். இரண்டில் எது பெரிய தப்பு என்று நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம், ஆயுசுக்கும் போட்டுக்கொள்ளலாம்.

பார்வை வருமா என்று நீ அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாயாம். வரும் வரும் என்று அவள் சொல்கிறாளாம். நான் டாக்டரிடம் பேசினேன். அவருக்கே தெரியவில்லை. சனிக்கிழமை கண்கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, உனக்கு இருக்கிற அதே பயம்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை கட்டைப் பிரிக்கும்போது நான் உனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பேன். என் மூஞ்சி தெரிந்தால் ஆசை தீரத் திட்டு. தெரியாவிட்டால் கையை நீட்டு. எட்டுகிற தூரத்தில்தான் இருப்பேன்.

அண்ணா